பச்சைக் கோட்டின் நாடி

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. கணினித் திரையில் ‘மீதி நேரம் 1 நாள்’ என்று எழுதியிருந்தது. அக்காவின் விமானம் ஞாயிறு இரவு. பின்னேரம் ஐந்து மணிக்குக் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட வான் சொல்லி வைத்தாயிற்று. நடுக்கூடத்தில் அம்மா இரண்டு பெட்டிகளையும் திறந்து போட்டுக்கொண்டு, மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் பருத்தித்துறை வடைக்கும் இடம் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு இடம் இருந்தது. நேரம்தான் போதவில்லை.

அக்கா டொரோன்டோவுக்குக் கொண்டுபோக வேண்டியது 620 கிகாபைட். அப்பா எடுத்த ஃபிலிம் படங்களை ஸ்கேன் செய்தவை, நாடாவிலிருந்து மாற்றிய அக்காவின் கலியாண வீடியோ, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள்கள், அம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்து அவ்வப்போது இறக்கி வைத்த வாட்ஸ்அப் படங்கள். அக்கா ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்து என் கையில் தந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. கடைசி இரவு வரை அதைத் தொடாமல் வைத்திருந்ததற்கு நான் சொன்ன சாக்குகளை இங்கே எழுதப் போவதில்லை.

நான் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டிலிருந்தபடியே பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாருடைய பென் டிரைவ் முரண்டு பிடித்தாலும் நான்காம் மாடிக்குத்தான் ஏறி வருவார்கள். அப்படிப்பட்டவன் பதினைந்து வயது மருமகனின் கண் முன்னே முதல் முக்கால் மணித்தியாலத்தை எப்படி வீணாக்கினேன் என்றால், கணினியை அணைத்துப் போட்டேன். வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். பிறகு டிஸ்க்கைத் திட்டினேன். மூன்றாலும் பயனில்லை. வேகம் குறைந்தால் எல்லோரும் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற பொருள் அதுதானே.

வைரஸ் தடுப்பைப் பற்றி ஒரு வரி: ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பிரதி செய்யும்போது அது உண்மையாகவே தாமதப்படுத்தும். அதற்காக முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். அனுப்புகிற கோப்புறையை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். ஊரார் பென் டிரைவ்களைச் செருகுகிற என்னைப் போன்றவர்களுக்கு இதை இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

பிறகுதான் புத்தி வந்தது. எல்லாக் கோப்புறைகளையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துப் போட்டிருந்ததை இரத்துச் செய்தேன். பெரிய வீடியோக் கோப்பு ஒன்றை, 11 கிகாபைட், தனியாக அனுப்பினேன். ‘கூடுதல் விவரம்’ என்பதை அழுத்தினால் விண்டோஸ் ஒரு பச்சை வரைபடம் காட்டும். மீதி நேரம் என்று அது சொல்வதை நான் நம்புவதில்லை. ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு மூன்று மணித்தியாலம் ஓட்டும். அந்தக் கோட்டின் வடிவத்தை நம்புவேன். நாட்டு வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பது போல அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும். முதல் சில விநாடிகள் கோடு எகிறி நிற்கும். அது கணினியின் நினைவகத்துக்குள் போகிற வேகம், கணக்கில் எடுக்கக் கூடாது. அதன் பிறகு வருவதுதான் நாடி.

அன்று வந்தது ஒரு நேர்கோடு. விநாடிக்கு 33 மெகாபைட். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, மேசை விளிம்பு போலத் தட்டையாக ஓடியது.

இது முக்கியம். களைத்துப்போன டிஸ்க் இப்படி ஓடாது. அதன் கோடு மேலும் கீழும் குதிக்கும். தட்டையான கோடு என்றால் வழியில் எங்கோ ஒரு கதவு ஒடுக்கமாக இருக்கிறது, அதன் அகலத்துக்கு மேல் எதுவும் போக முடியவில்லை என்று பொருள். 30க்கும் 40க்கும் இடையே தட்டையாக நின்றால் அந்தக் கதவின் பெயர் யூஎஸ்பி 2.0. அது 2000ஆம் ஆண்டில் வந்தது, விநாடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். அதிலும் பேச்சுவார்த்தைக்கும் சரிபார்ப்புக்கும் போனது போக நடைமுறையில் 35, 40 கிடைத்தால் அதிகம். 2008இல் வந்த யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் தாங்கும். அக்காவின் டிஸ்க் 3.0. கணினியின் பின்புறத்தில் இருப்பதும் நீல நிற போர்ட். இரண்டு பக்கமும் புதியது என்றால் நடுவில் இருப்பது என்ன?

என் வாயில் இருந்து கேள்வி வருவதற்குள் மருமகன் குனிந்து பார்த்துவிட்டான்.

“மாமா, இது பாதிதான் கடித்திருக்கிறது.”

இந்த வகை வெளி டிஸ்க்குகளில் உள்ள துவாரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அகலமாக, நடுவில் ஒரு சிறு இடுப்போடு, இரண்டு அறை வீடு போல இருக்கும். பெரிய அறை பழைய மைக்ரோ யூஎஸ்பியின் அதே அளவு. சிறிய அறையில்தான் 3.0க்கு வேண்டிய கூடுதல் இணைப்புகள். பழைய கைத்தொலைபேசியின் சார்ஜர் கேபிள் பெரிய அறைக்குள் கச்சிதமாகப் பொருந்தும். டிஸ்க் சுழலும், விளக்கு எரியும், கோப்புகள் தெரியும். ஒரு பிழைச் செய்தியும் வராது. 2.0 வேகத்தில் எத்தனை வருடமும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் கேபிளைப் போட்டவன் நான்தான். அக்கா கொண்டு வந்த கேபிள் ஒரு முழம். கணினியின் பின்புறத்திலிருந்து மேசைக்கு எட்டவில்லை. இழுப்பறையில் கிடந்த நீளமான சார்ஜர் கேபிள் எட்டியது. எட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறேன். யூஎஸ்பி-சி வகைத் துவாரம் உள்ள புதிய டிஸ்க்குகளில் இந்தக் கண்ணி இன்னும் மோசம். அங்கே வாய் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தொலைபேசியோடு வரும் சார்ஜ் கேபிள்கள் பலவற்றுக்குள் 2.0க்கான வயர்கள் மட்டுமே ஓடும். பாதி கடித்திருக்கிறது என்று காட்டிக் கொடுக்க அங்கே அடையாளமும் கிடையாது.

ஒரு முழக் கேபிளை அக்காவின் கைப்பைக்குள்ளிருந்து எடுத்து, கணினிப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, டிஸ்க்கைப் பெட்டியின் தலையிலேயே வைத்துச் செருகினேன். மருமகன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

33.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எழுத்தில் கொண்டு வர முடியாது. அம்மா ஒரு கோப்பை பிளேன் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்கக் கூடாத நேரம் எது என்று அவருக்குத் தெரியும்.

யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர் என்று ஒரு சிறு இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த போர்ட்டில் எது என்ன வேகத்தில் இணைந்திருக்கிறது என்று மரக்கிளை போலக் காட்டும். மாக் கணினியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியிலேயே இது தெரியும். லினக்ஸில் யூஎஸ்பி பட்டியலைக் கேட்டால் 480 என்றோ 5000 என்றோ எண்ணாகவே சொல்லிவிடும். எனக்கு ‘ஹை ஸ்பீட்’ என்று காட்டியது. மருமகன் மகிழ்ந்துபோனான். நான் இல்லை. யூஎஸ்பி மொழியில் ‘ஹை ஸ்பீட்’ என்றால் அந்த 480தான், 3.0க்குப் பெயர் ‘சூப்பர் ஸ்பீட்’. இந்தப் பெயர்களை வைத்தவர்களை ஒருநாள் கண்டால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். 3.0க்கே பின்னர் 3.1 ஜென் 1 என்றும், அதற்கும் பின்னர் 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றி வைத்தவர்கள் அவர்கள். பெட்டியில் 3.2 என்று அச்சடித்திருப்பதால் மட்டும் வேகம் கூடிவிடாது.

ஆக, கேபிள் சரி, டிஸ்க் சரி, போர்ட் நீலம், அப்படியும் இரண்டும் பழைய மொழியிலேயே பேசிக்கொள்கின்றன. கைவிளக்கை எடுத்து போர்ட்டுக்குள் அடித்துப் பார்த்தேன்.

3.0 போர்ட்டின் உள்ளே ஒரு நீல நாக்கு இருக்கும். அதில் உட்பக்கமாக நான்கு உலோகப் பட்டைகள், அவை 2.0க்கும் மின்சாரத்துக்கும் உரியவை. வாசலோரமாக, நாக்கின் நுனியில், நெல்மணியை விடச் சிறியதாக ஐந்து. அந்த ஐந்தும்தான் 3.0. என் போர்ட்டில் உட்பக்க நான்கும் மங்கலாகவாவது மின்னின. நுனியில் இருந்த ஐந்தும் கறுத்து, இரண்டில் பச்சை பூத்திருந்தது, பழைய செப்புக் குத்துவிளக்கின் அடியில் பார்ப்போமே, அதே பச்சை.

மெரைன் டிரைவுக்கு முகம் காட்டிய வீடு எங்களுடையது. யன்னலைத் திறந்தால் புகையிரதப் பாதை, அதற்கப்பால் கடல். வாடகைக்கு வீடு காட்டும்போது கடற்காற்று என்பார்கள். குடியிருந்தால் அது உப்புக்காற்று. கதவுப் பிணைச்சல் துருப்பிடிக்கும், அம்மாவின் தையல் மெஷின் ஊசி துருப்பிடிக்கும், ரிமோட்டுக்குள் பற்றரி உட்காரும் சுருள் கம்பி துருப்பிடிக்கும். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் கணினியின் பின்புறம் வருடக்கணக்கில் யன்னலைப் பார்த்துத் திறந்த வாயோடு நிற்கிறது என்று எனக்கே தோன்றவில்லை. நான்கு பட்டைகள் வேலை செய்கிறவரை யூஎஸ்பி முறைப்பாடு சொல்லாது. ஐந்து போனால் போகட்டும் என்று பழைய வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். அந்தப் பெருந்தன்மைதான் ஆளைக் கொல்வது.

பின்புறத்தில் இன்னொரு நீல போர்ட் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதில் பிரிண்டர் கேபிள். பிடுங்கி விளக்கடித்தேன். உள்ளே ஒன்பதும் பளிச்சென்று இருந்தன. பிரிண்டரின் பிளக் மூடி போல வாயை அடைத்துக்கொண்டு உப்பை உள்ளே விடாமல் வைத்திருக்கிறது. பிரிண்டருக்கு வேகம் எதற்கு? அதைப் பச்சை பூத்த போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு டிஸ்க்கை அதன் இடத்தில் செருகினேன். செருகும்போதும் ஒரு சங்கதி உண்டு. தயங்கித் தயங்கி நுழைத்தால் சில கணினிகள் முதலில் தொட்ட இணைப்புகளை வைத்து 2.0 என்று முடிவு கட்டிவிடும். ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும்.

118.

மருமகன் என் முதுகில் தட்டினான். மரியாதை இல்லாத பிள்ளை என்று அன்று தோன்றவில்லை. (பச்சை பூத்த போர்ட்டைப் பிறகு ஒருநாள் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்தேன். கொஞ்சம் தேறியது. ஊசியோ பின்னோ விட்டுச் சுரண்டுவது போர்ட்டுக்குக் கொள்ளி வைப்பது.) முன்புற போர்ட்டில் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் பெட்டியில் முன்புறம் 2.0 மட்டும். பலகையில் கிடந்த ஹப் ஒன்றை, ஒரு போர்ட்டை நான்காக்கும் பெட்டியை, தூக்கிக்கொண்டு மருமகன் வந்தான், தடுத்துவிட்டேன். சுழலும் டிஸ்க்குக்கு ஓடத் தொடங்கும் நேரத்தில் மின்சாரம் அதிகம் வேண்டும். 3.0 போர்ட் 900 மில்லி அம்பியர் தரும், 2.0 போர்ட் 500. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் அதை நான்கு பேர் பங்கு போட்டால் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று அழுது இணைப்பை விட்டுவிடும்.

118இல் கணக்குப் போட்டால் 620 கிகாபைட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம். பெரிய வீடியோக்களை முதலில் அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தேன். டீ முடியவில்லை. பச்சைக் கோடு மலையுச்சியிலிருந்து விழுந்தது போல 118இலிருந்து 20க்கு வந்தது. கொஞ்சம் நின்று 80க்கு ஏறியது. மறுபடி விழுந்தது.

இது வேறு நாடி. கதவு அகலம்தான், இப்போது மூச்சு வாங்குவது டிஸ்க். அக்காவிடம் கேட்டேன். அது புதியது இல்லையாம். இரண்டு வருடமாகப் படங்கள் நிறைந்து கிடந்ததாம், வரும் முன்தான் அழித்து இடம் எடுத்தாராம். விஷயம் விளங்கியது.

கைக்கடக்கமான 2.5 அங்குல வெளி டிஸ்க்குகளில் இன்று பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுகின்றன. அதை ஊர் ஓட்டு வீட்டுக் கூரையை வைத்து விளக்கலாம். டிஸ்க்கில் எழுதும் முனை அகலம், வாசிக்கும் முனை ஒடுக்கம். ஆகவே ஒரு தடத்தின் விளிம்பின் மேல் அடுத்த தடம் படுத்திருக்குமாறு, ஓட்டின் மேல் ஓடாக அடுக்கி எழுதினால் அதே தட்டில் அதிகம் கொள்ளும். புதுக் கூரையை வரிசையாக வேயும்போது சிரமம் இல்லை. நடுவில் உடைந்த ஓர் ஓட்டை மட்டும் மாற்றப் போனால்தான் வினை. மேலே படுத்திருக்கும் வரிசைகளையும் கிளப்பி மறுபடி அடுக்க வேண்டும். இந்த டிஸ்க்குகள் அந்தத் தொல்லையைத் தள்ளிப் போட ஒரு முற்றம் வைத்திருக்கின்றன. வருவதை முதலில் முற்றத்தில் கொட்டிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது கூரைக்கு ஏற்றும். முற்றம் நிரம்பும் வரை வேகம். நிரம்பிய பிறகு கூரை வேலை முடிய முடியத்தான் இடம் கிடைக்கும். எழுதி அழித்து எழுதிய டிஸ்க்கில் இந்தச் சீர்கேடு கூடுதல். பெரிய தயாரிப்பாளர்கள் இந்த முறையைப் பெட்டியில் சொல்லாமல் விற்றுவந்தது 2020இல் வெளியே வந்து, பிறகுதான் எந்த மாடல் எந்த முறை என்று பட்டியல் போட்டார்கள். வாங்குமுன் மாடல் எண்ணைத் தேடிப் பாருங்கள். படங்களை ஒரு தடவை ஏற்றிவிட்டு அலமாரியில் வைக்க எஸ்எம்ஆர் குற்றமில்லை. தினமும் எழுதி அழிக்கிற வேலைக்கு நான் வாங்க மாட்டேன்.

மருந்து? பொறுமைதான். ஒன்றிரண்டு தடவை ‘இடைநிறுத்து’ அழுத்திவிட்டு டிஸ்க்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். திரையில் எதுவும் ஓடாத நேரத்திலும் உள்ளே மெல்லிய நடுக்கம். கூரை வேலை நடக்கிறது. நடுக்கம் அடங்கிய பின் தொடர்ந்தால் கோடு மறுபடி 100ஐத் தொட்டது. ஆனால் நிறுத்தி நிறுத்தி அனுப்புவதால் மொத்த நேரம் பெரிதாக மிச்சமாகிறது என்று நினைக்க வேண்டாம்; மனசுக்கு ஆறுதல், அவ்வளவே. கணினி இடையில் தூங்கிவிடாமல் அமைப்பை மாற்றி, மேசை விசிறியை டிஸ்க்கின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒரு மணிக்குப் படுத்தேன்.

பென் டிரைவ்களிலும் இதே போல விழும் கோடு வரும், காரணம் வேறு. அவற்றில் வேகமாக எழுதக்கூடிய சிறு பகுதி நிரம்பியதும் உண்மையான, மெதுவான வேகம் வெளியே வரும், சூடேறினாலும் விழும். மலிவாகக் கிடைக்கும் 1 டெராபைட் பென் டிரைவ்கள் விழுவதோடு நிற்காமல் கோப்பையும் விழுங்கிவிடும்; உள்ளே உண்மையில் இருக்கும் இடம் அதில் ஒரு சிறு பங்குதான். முழு இடத்தையும் எழுதி மறுபடி வாசித்துப் பார்க்கும் இலவச மென்பொருளில் ஒரு தடவை சோதிக்காமல் எதையும் அதில் வைக்காதீர்கள்.

ஐந்து மணிக்கு, முதல் புகையிரதச் சத்தத்தில் எழுந்தபோது வீடியோக்கள் முடிந்திருந்தன. மிச்சம் இரண்டு கோப்புறைகள்: அம்மாவின் வாட்ஸ்அப், அப்பாவின் ஃபிலிம் படங்கள். வாட்ஸ்அப் 19 கிகாபைட்தான். ஆனால் அதற்குள் 71,000 கோப்புகள். காலை வணக்கப் பூக்கள் எத்தனை ஆயிரம் என்று எண்ணவில்லை. முந்தின இரவு ‘1 நாள்’ என்று பயமுறுத்தியது இந்தக் கோப்புறைக்குள் நுழைந்தபோதுதான். கோடு தரையோடு தரையாக, அரம் போலப் பற்களோடு ஓடியது. விநாடிக்கு ஒரு மெகாபைட்டும் இல்லை.

இது மூன்றாவது நாடி. ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க் ஒரு தடவை எழுத வேண்டும், பிறகு பெயர், அளவு, திகதி, எங்கே வைத்தது என்று வேறோர் இடத்திலுள்ள பதிவேட்டில் குறிக்க வேண்டும். எழுதும் முனை இங்கும் அங்குமாக ஓடும். கந்தோர் வாசலில் வருகிற ஒவ்வொருவரும் நின்று பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போவது போல. நடக்கிற தூரத்தை விடக் கையெழுத்துக்குத்தான் நேரம்.

அம்மா பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். 23 கிலோவுக்குள் அடக்க வேண்டும். நான் முணுமுணுத்தது கேட்டிருக்க வேண்டும்.

“எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டி அனுப்ப இயலாதா, தம்பி?”

இயலும். கோப்புகளைப் பொதியாகக் கட்டும் செவன்-ஸிப் மென்பொருளில் ‘சுருக்காமல் சேமி’ என்ற தெரிவை எடுத்து, பொதி நேராக வெளி டிஸ்க்கிலேயே உருவாகுமாறு கொடுத்தேன். படங்கள் ஏற்கெனவே சுருங்கியவை. மறுபடி சுருக்கச் சொன்னால் கணினி வியர்க்குமே தவிர அளவு குறையாது. 71,000 கையெழுத்துக்குப் பதிலாக ஒன்று. பன்னிரண்டு நிமிடம். அம்மாவின் படங்கள் கணினியின் எஸ்எஸ்டியில், அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகத்தில், இருந்ததால் வாசிப்பதும் வேகமாக நடந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்திருந்தால் இன்னும் நேரம் எடுத்திருக்கும். பொதியை உருவாக்கியதும் ஒரு தடவை ‘சோதி’ கொடுத்துவிடுங்கள். ஒரே பொதி என்றால் உடைந்தால் எல்லாமே உடையும்.

இதற்கு இன்னொரு வழி சொல்வார்கள். டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் ‘பாலிஸி’ பக்கத்தில் ‘சிறந்த செயல்திறன்’ என்று மாற்றுவது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ‘விரைவாகக் கழற்றுதல்’ என்பதே இயல்பாக இருக்கிறது. மாற்றினால் கணினி எழுத வேண்டியதை நினைவகத்தில் சேர்த்து வைத்து எழுதும், சிறு கோப்புகள் வேகமாகப் போகும். நான் மாற்றுவதில்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டியபோது, எழுதியாயிற்று என்று திரை சொன்னது எழுதப்படாமல் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். யூபிஎஸ் இருக்கிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுக்காமல் பிடுங்குகிற பழக்கம் உள்ள வீட்டில் அதுவும் ஆகாது.

கடைசியில் அப்பா. முதலில் பார்த்திருக்க வேண்டியது அதுதான். அதில் எனக்கு மன்னிப்பில்லை. அந்தப் படங்கள் கணினிக்குள்ளிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கோடு 90இல் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து, அங்கேயே படுத்துக்கொண்டது. அரை நிமிடம். பிறகு எழுந்தது. மறுபடி படுத்தது. படுக்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டிக்குள்ளிருந்து நகத்தால் மேசையைத் தட்டுவது போல ஒரு சத்தம். எழுதுகிற டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. வாசிக்கிற டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தால் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தேன். வெளி டிஸ்க் நீலம். பழையது மஞ்சள். ‘வாசிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள்’ என்ற வரியில் பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் நின்றது.

இந்த நிலையில் டிஸ்க்கைத் திருத்துகிறேன் என்று விண்டோஸின் பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டக் கூடாது. அவை டிஸ்க்கை முழுவதும் உழும். இருக்கிற மூச்சும் போய்விடும். முதலில் எடுக்கக்கூடியதை எடுக்க வேண்டும். ரோபோகொப்பி என்ற பிரதி செய்யும் கட்டளை விண்டோஸோடு வருகிறது, இதற்குப் பொருத்தமானது. ஒரு முன்னெச்சரிக்கை மட்டும்: வாசிக்க முடியாத கோப்பைக் கண்டால் எத்தனை தடவை முயல வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது பத்து இலட்சம் தடவை முயலும், தடவைக்கு 30 விநாடி காத்திருந்து. ஒரே கோப்புக்கு ஏறக்குறைய ஒரு வருடம். அக்காவின் வான் அதுவரை நிற்காது. ஒரு முயற்சி, ஒரு விநாடி என்று கொடுத்தேன். வராததைப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனது. பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்தபோது பட்டியலில் மூன்று படங்கள். மூன்றும் நல்லூரில் அப்பா எடுத்தவை. நெகட்டிவ் இன்னும் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொன்னேன். டின் இல்லாதவர்கள் லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளைத் தேடிப் பிடியுங்கள். சரியான பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் குணம். அதுவும் கைவிட்டால், டிஸ்க்கைத் திறந்து பார்க்கத் தூசியில்லாத சுத்த அறை வைத்திருப்பவர்களிடம்தான் போக வேண்டும்.

நாலரைக்கு ‘பாதுகாப்பாக அகற்று’ கொடுத்தேன். ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்றது. வான் கீழே வந்து ஒலி எழுப்பியது. மருமகன் பிடுங்கிவிடவா என்று கையை நீட்டினான். திரையில் திறந்திருந்த ஜன்னல்களை மூடினேன், மறுபடி கொடுத்தேன், மறுபடி அதே பதில். பிடிவாதம் பிடிக்காமல் கணினியையே அணைத்தேன். அணைந்து, டிஸ்க்கின் விளக்கும் நின்று, விரலுக்கு நடுக்கமும் அடங்கிய பிறகு கழற்றி, அக்காவின் கைப்பைக்குள் இரண்டு சால்வைகளுக்கு நடுவில் வைத்தேன். சுழலும் டிஸ்க்கைச் சரக்குப் பெட்டியில் போடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

திங்கட்கிழமை பம்பலப்பிட்டிக்குப் போய் யுனிட்டி பிளாசாவில் எனக்கு ஒரு மீற்றர் நீளத்தில் 3.0 கேபிள் ஒன்று வாங்கினேன். கடைப் பையன் இரண்டைக் காட்டினான். பிளக்கின் உள்ளே எட்டிப் பார்த்து, முன்னால் நான்கும் பின்னால் ஐந்துமாகப் பட்டைகள் இருந்ததை எடுத்துக்கொண்டேன். “ஐயா எண்ணிப் பார்த்து வாங்குகிறீர்கள்” என்றான். எண்ணாமல் பட்டது போதும் என்றேன்.

வீட்டுக்கு வந்து அதைச் செருகப் போனபோதுதான் கண்டேன். கணினியின் பின்புறத்தில், பிரிண்டர் இருந்த போர்ட்டில், அக்காவின் ஒரு முழக் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய் இரவு டொரோன்டோவிலிருந்து மருமகன் ஒரு படம் அனுப்பினான். மேசையில் டிஸ்க், அதில் பாதி கடித்தபடி ஒரு சார்ஜர் கேபிள். கீழே இரண்டே சொல்.

“மாமா, 33.”